செல்வி அக்கா பெயரில் போன கன்டெய்னர்

இல்லை, சிலர் சொல்வதுபோல் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் தீர்கிற விஷயம் இல்லை இது.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் செல்வி அக்கா. நேற்று அவர் வீட்டுக்குப் போன பிறகு, அவர் அனுமதித்ததாக ஒரு கன்டெய்னர் வெளியே போயிருக்கிறது. இன்று மாலைக்குள் விளக்கம் தராவிட்டால் அவர் வேலை போய்விடும்.

“லாகவுட் பண்ணிட்டுதாம்மா போனேன். வூட்ல குந்திகினே இங்க கேட்டைத் தொறக்க நான் இன்னா பேயா?”

கேட் அனுமதிகளைப் பதிவு செய்யும் ஜாவா நிரல் நான் எழுதியது. சர்வரில் இருப்பவை த்ரெட் எனப்படும், வேலையாள் போன்ற சில ஓட்டங்கள்தான். அவையே மாறி மாறி எல்லோருக்கும் வேலை செய்கின்றன. ஒருவர் வேலை முடிந்ததும் த்ரெட்டில் இருக்கும் அவர் பெயரை அழிக்க வேண்டும். நேற்று அக்காவின் கடைசி வேலை பிழையாகிப் பாதியில் நின்றது. என் நிரல் பெயரை அழிக்கவில்லை. அடுத்து அந்த த்ரெட் கிடைத்தவர் நிரலின் கணக்கில் அக்காவாகிவிட்டார்.

இதைச் சொன்னதும் அக்கா யோசித்தார்.

“அதாவது, வெளிய போற டிரைவர்கிட்ட கேட் பாஸைத் திருப்பி வாங்காம வுட்டுட்ட.”

“ஆமாக்கா.”

“நான் அப்டி வுட்டா அன்னிக்கே வேலை காலி. உன்கு?”

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலாளருக்கான மின்னஞ்சலில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பதை அழித்து, ‘என் பிழை’ என்று எழுதி, அக்காவின் எதிரிலேயே அனுப்பினேன்.