இரவல் போன முகம்

துரைக்குக் கடவுள் கொடுத்த ஒரே சொத்து அவருடைய முகம். கன்டெய்னர் யார்டில் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டுகிற மனிதருக்கு இத்தனை களையான முகம் எதற்கு என்று திருவொற்றியூரில் கேட்காதவர் இல்லை. யார்டில் அவருக்குப் பெயரே 'கலெக்டர்'. மகள் கல்யாணத்தின்போது ராயபுரம் ஸ்டூடியோவில் வாடகைக் கோட்டு மாட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டார். மகள் அதை ஃபேஸ்புக்கில் போட்டாள். அதோடு அவர் மறந்தும் போனார்.

அந்த முகம் தன் போக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தெரிந்தது.

வாசலில் ஒரு பெண் நின்றாள். யானைக்கவுனியில் அண்ணனோடு பாத்திரக் கடை நடத்தும் ராமசெல்வி. கல்யாணமாகாமலே நாற்பதைத் தாண்டியவள். அவளுடைய போனில் இருந்த படத்தைப் பார்த்த லோடு வண்டிக்காரர், "இவரு எங்க தெரு துரை அண்ணனாச்சே" என்று விலாசம் சொல்லிவிட்டிருந்தார்.

"சிங்கப்பூர்ல இருக்கேன்னு சொன்னீங்க... இங்க எப்ப வந்தீங்க?" அவள் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா? நான் எண்ணூர தாண்டி எங்கம்மா போனேன்?"

கரண்டியோடு வெளியே வந்தாள் அவர் மனைவி சொக்கம்மாள். "இன்னாய்யா, எனுக்குத் தெரியாம சிங்கப்பூர்ல வேற வூடு கீதா?"

அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. துரையின் முகத்தோடு போனில் பேசும் 'தொழிலதிபர்' ஜெயராஜை ராமசெல்வி மனதார நம்பியிருந்தாள். அவர் சொல்லி அவள் கிரிப்டோவில் போட்ட பணம் பல மடங்கு ஆகிவிட்டதாம். அதை எடுக்க இன்றைக்குள் வரி கட்ட வேண்டுமாம். அண்ணனுக்குத் தெரியாமல் அத்தனை நகையையும் அடகு வைத்துவிட்டாள். பணத்தை அனுப்புவதுதான் பாக்கி.

அப்போது போன் அடித்தது. வீடியோ கால்.

துரை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் அவரே கோட்டுப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்! குரல் மட்டும் வேறு யாருடையதோ, தேனாக இழைந்தது. "செல்வி, என்னை நம்பலையா?" ஒரு படத்தை வைத்தே முகத்தைப் பேசவைக்கும் கம்ப்யூட்டர் வித்தை துரைக்குத் தெரியாது. ஒரு கணம், நான்தான் அசலா என்றே அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இதோ அனுப்பிருதேன்" என்று போனை வைத்தாள் ராமசெல்வி. "மன்னிச்சிருங்க. நீங்க வேற, அவரு வேற. ஒரே சாயல்ல ரெண்டு பேரு இருக்கக் கூடாதா?"

"சொக்கு, அந்தப் படத்த எட்தா!"

சுவரிலிருந்த சட்டம் இறங்கி வந்தது. கோட்டுப் போட்ட துரையின் தோளில் கை வைத்து நின்றிருந்தாள் சொக்கம்மாள். ராமசெல்வியின் போனில் இருந்ததும் அதே படம். சொக்கம்மாளை மட்டும் வெட்டியிருந்தார்கள். ஆனால் தோளில் நாலு விரல் நுனிகளும் பச்சைக்கல் மோதிரமும் மிச்சமிருந்தன.

ராமசெல்வி போனைப் பார்த்தாள். சட்டத்தைப் பார்த்தாள். கரண்டி பிடித்த கையில் மின்னிய மோதிரத்தைப் பார்த்தாள்.

"இது... செத்துப்போன அவங்கம்மா கைன்னு சொன்னாரே! ஆடி அமாவாசைக்கு இந்தக் கைக்கு விளக்கேத்திப் படையல் போட்டேனே!"

"அடிப்பாவி! உசுரோட கீற எனுக்கா படச்ச? வடையாவது வச்சியா?"

ராமசெல்விக்குச் சிரிப்பு பீறிட்டது. அது பாதியிலேயே அழுகையாக உடைந்தது. "அவரு பேசுன அத்தன பேச்சுமா பொய்?" என்று சொக்கம்மாளின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

போன் மறுபடி அடித்தது. துரை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் அசைந்துகொண்டிருந்த உதடுகள் அப்படியே நின்றன.

"என் மூஞ்சி உனுக்கு நல்லாத்தான் கீது நைனா. உன்னுத எங்க வச்சிட்டு வந்த?"

திரை இருண்டது.

ராமசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, அனுப்ப வச்சிருந்தத அனுப்ப மாட்டேன். ஏற்கனவே போட்டதுக்குப் புகார் குடுக்கணும். இந்த முகம் உங்களுதுன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?"

ஸ்டேஷன் இருக்கும் தெருவில்கூட நடந்து பழகாதவர் துரை. ஆனாலும் கொடியிலிருந்து சட்டையை எடுத்தார்.

"தனியா போனா இவர்தான் திருடன்னு புட்ச்சி வச்சிக்குவாங்கோ" என்று சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் படியிறங்கினாள் சொக்கம்மாள்.