சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

என் வீட்டுக்காரர் தவறி எட்டு மாதம். அன்றிலிருந்து எங்கள் பழைய பெட்ரோல் பிக்கப்பும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது என்றார்கள் ஊரில் பார்த்தவர்கள். புதிதாக ஒன்று வாங்கி, மம்சாபுரத்திலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து, இன்று ராஜபாளையத்தில் எலக்ட்ரீசியனிடம் விட்டேன்.

மாட்டி, வயரிங் முடித்தும் பிளக்கில் பொறி வரவில்லை.

"காயிலுக்கே கரண்ட் வரலக்கா. செத்த நேரம் பொறுங்க" என்றவர், ஒரு வயரைப் பிடித்துக்கொண்டே டிரைவர் சீட்டுக்கு அடியில் போனார்.

அங்கே ஒரு சுவிட்ச். ரிப்பேர் என்று சொல்லி எங்கள் அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் கழற்றிக்கொண்டுபோன அதே சுவிட்ச்.

"திருட்டுப் பயத்துக்கு வச்சிருக்காங்க. இதை ஆஃப் பண்ணிட்டா எவனும் வண்டிய எடுக்க முடியாது. அண்ணாச்சி உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. தவறிய அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல அதை அணைத்துவிட்டுத்தான் நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டுக்குள் வந்திருக்கிறார்.

"நீங்களே போடுங்கக்கா."

போட்டேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரிலும் ஒரு குறையும் இல்லையாம்.

என் வீட்டுக்காரர் கை கடைசியாக வைத்தது வைத்தபடி இருந்தது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான். அதையும் மாற்றிவிட்டேன்.

உங்கள் வீட்டு வண்டியில் சுவிட்ச் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.