பதினைந்தாம் நம்பர் ரோட்டால் அக்கா வீட்டுக்கு

லாசாலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏறினால், பதினைந்தாம் நம்பர் நெடுஞ்சாலை பாலத்தைக் கடந்து நேரே தெற்கே போய் அமெரிக்க எல்லையில் முட்டும். ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. ஆனால் அகதி விசாரணை, வதிவிட உரிமை, குடியுரிமை என்று ஒவ்வொன்றாய்க் கிடைக்கும்வரை அந்த ரோட்டில் நாங்கள் எல்லைவரைதான் போகலாம். எல்லைக்கு அப்பால் நாலைந்து மணித்தியால ஓட்டத்தில் என் அக்கா இருந்தாள். அவளுடைய அகதி வழக்கு அங்கே இன்னும் முடியவில்லை. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நாங்கள்தான் போகவேண்டும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த கோடையில், ஒரு சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பின் சீட்டில் மகள் பிரெஞ்சுப் பாட்டுப் பாட, இரண்டு பக்கமும் சோளவயல்கள் ஓடின. கார் ஓட்டிய என் கணவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலை. வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ."

"ஓம், ஓம்."

எல்லைக் கூண்டிலிருந்த அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டது ஒரு கேள்விதான்: "எங்கே போகிறீர்கள்?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். யாழ்ப்பாணத்தில் தான் பிறந்ததிலிருந்து தொடங்கினார். படித்த பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்த ஊர்கள், கொழும்பில் பொலிஸ் தன்னைப் பிடித்துக்கொண்டு போனது. அகதி விசாரணைக்கு வக்கீல் மனப்பாடம் செய்வித்த கதை, ஒரு வரி பிசகாமல் வந்தது. சீருடையைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வருகிற வியாதி இது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று மனதுக்குள் ஏசினேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். திருப்பி அனுப்பப்போகிறார்கள், அக்காவைப் பார்க்கவே முடியாது என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

கதை அகதி முகாமுக்கு வந்தபோது பொறுக்க முடியவில்லை. கணவருக்கு மேலால் எட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன்: "அக்கா வீட்டுக்கு! மத்தியானச் சாப்பாட்டுக்கு!"

அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "அப்படியானால் நேரமாகிறது, போங்கள்" என்று பாஸ்போர்ட்டுகளை நீட்டினார்.

"இன்னும் முடியேல்லை" என்று முணுமுணுத்தபடி என் கணவர் காரை எடுத்தார். அடுத்த ஊர் வரும்வரை நானும் மகளும் சிரித்தோம்.

அக்கா வாசலிலேயே நின்றாள். "ஏனடி இவ்வளவு நேரம்? சோறு ஆறிப்போச்சு" என்று ஏசினாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். ஊரில் பிரியும்போது நான் அவளுடைய தோள்மட்டத்துக்கு இருந்தேன். இப்போது அவளுடைய தலை என் நாடிக்குக் கீழே வந்தது.

"என்னக்கா, இப்பிடிக் கட்டையாப் போனாய்?"

"நான் கட்டையாகேல்லை" என்றாள், என்னை விடாமலே. "நீதான் நான் பாக்காமல் வளந்திட்டாய்."