மாமாவின் பாட்டுக்கு வந்த சாமி

என் மாமா பாடி ஹிட்டான பாட்டு மொத்தமே ஒன்றுதான். அந்த வகை இசைக்கு மெட்டல் என்று பெயர் என்பார். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் அதைப் பாட்டென்று ஒப்புக்கொண்டவர்கள் நானும், மாமாவோடு வாசிக்கும் மூன்று கூட்டாளிகளும்தான். மாமா அடிவயிற்றிலிருந்து உறுமுவார், கிடார் அலறும், டிரம்ஸ் இரும்புக்கடையைக் கவிழ்த்ததுபோல் உருளும். ஆனால் யூடியூபில் அது பிய்த்துக்கொண்டு போனது. ஆவடி ரயிலில் காலேஜ் பையன்கள் அந்த உறுமலை உறுமிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத மாமாவை வளர்த்தது அம்மா. கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையோடு அவரையும் அழைத்து வந்துவிட்டாள். ஆவடித் தொழிற்சாலையில் தெரிந்தவரைப் பிடித்து மாமாவுக்கு ஒரு வேலை பேசியிருந்த அப்பா, ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். ஆடி முடிந்ததும் கிடாரை விற்றுவிட வேண்டும், அதன்பிறகு இந்த வீட்டில் உறுமல் கேட்கக் கூடாது. அப்பா கெட்டவர் இல்லை. உறுமுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவர் கவலை. மாமா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். அப்பா சொல்லுக்கு அம்மா மறுசொல் சொல்லி நான் கேட்டதே கிடையாது. கிடாரைத் தன் பழைய புடவையில் சுற்றிப் பரணில் வைத்தாள்.

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிரம்ஸ் வாசிக்கும் அண்ணனுக்குப் பிழைப்பு மைக் செட். அம்மன் பாட்டுக்கும் சொந்தப் பாட்டுக்கும் அவரிடம் ஒரே பென் டிரைவ். அவர் கூழ் வாங்கப் போன நேரம் பார்த்து அம்மன் பாட்டுகள் தீர்ந்துபோய், குழாய் ஸ்பீக்கரில் மாமா உறுமத் தொடங்கினார்.

கூழ் வரிசை அப்படியே நின்றது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மைக் செட்டை நோக்கி நடந்தார். வரிசையில் நின்ற மாமா தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா சொம்பைக் கீழே போட்டாள். கூந்தல் அவிழ்ந்தது. மாமாவின் உறுமலுக்குத் தப்பாமல் அடி வைத்து ஆடத் தொடங்கினாள். அம்மாவுக்குச் சாமி வந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நான் பயந்து அழுதேன். பெண்கள் குலவையிட்டார்கள். பம்பைக்காரர் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டார், பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா நேராக அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாடா நெனச்சிகினு கீற? என் பாட்ட நிறுத்த வர்றியா?"

அப்பாவை யாரும் 'டா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவரோ கைகளைத் தலைக்கு மேல் கூப்பிவிட்டார்.

"தெரியாம பண்ணிட்டேன் தாயே. இன்னா வோணும், சொல்லு."

"என் தம்பி பாடணும்டா. அவன் வாய கட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணு!"

எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து அப்பா சத்தியம் செய்தார். அம்மா துவண்டு விழப்போனாள். மாமா ஓடிவந்து தாங்கிக்கொண்டார். "அக்கா, அக்கா" என்று தேம்பினார். அத்தனை பெரிய உறுமல்காரர் குழந்தைபோல் அழுததைப் பார்த்து எனக்கும் மறுபடி அழுகை வந்தது.

சாயங்காலம் அப்பாவே பரணில் ஏறிக் கிடாரை இறக்கினார். மஞ்சள் குங்குமம் வைத்து, பயபக்தியோடு மாமாவின் கையில் கொடுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"மாமா அம்மனுக்குத் தம்பின்னா, அம்மன் எனக்கு இன்னா முறை?"

சீப்பு நின்றது. அம்மா எட்டி, அப்பா கூடத்தில் இருக்கிறாரா என்று பார்த்தாள். பிறகு என் தலையை மார்போடு அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சாமி விஷயத்தில் இப்படிச் சிரித்தால் கண்ணைக் குத்திவிடும் என்று நான்தான் அவளைக் கண்டித்தேன்.