பழைய ஏசியின் காப்பர் காயில்

என் தங்கையின் கணவர் பொம்மையார்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல்காரராக இருந்தபோது பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டவர். எனக்கும் பழக்கிவிட்டார். முளைகட்டிய பார்லியின் மால்ட் சாற்றை, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, சட்டென்று ஆறவைத்து, பிறகு ஈஸ்ட் சேர்த்து இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட வேண்டும். ஆறத் தாமதமானால் கெட்டுவிடும். இருபது லிட்டர் என்றால் மீனுக்குப் போடும் ஐஸை நிரப்பிய தொட்டியில் பானையை இறக்கினாலே போதும்.

பிறகு அவருக்குக் கிட்னி போனது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். உப்பு கூடாது. நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். தங்கை காலையிலேயே அளந்து வைத்துவிடுவாள்.

அந்த நிலையில்தான் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் சீரோடு நாற்பது லிட்டர் பீரும் என் பொறுப்பு என்று வாயை விட்டேன். "முதல் வாய் உங்களுக்குத்தான் மாப்ள. அதுவரைக்கும் நான் நாக்குல வைக்கமாட்டேன்" என்று சத்தியமும் செய்தேன்.

நாற்பது லிட்டருக்கு ஐஸ் எடுபடாது. பானைக்குள் சுருள் குழாயை இறக்கி, குழாய்க்குள் தண்ணீரை ஓடவிட வேண்டும். எந்தச் சுருள் என்பதில்தான் சண்டை.

"ஸ்டீல்ல வாங்குங்க மச்சான். நம்ம ஊரு போர்த்தண்ணிக்குக் காப்பர் தாங்காது."

"ஆன்லைன்ல போட்டு அது வந்து, காய்ச்சிப் புளிக்கிறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும். ஏசி மெக்கானிக் பழைய காயில் தர்றேன்னு சொல்லிட்டான்."

"அப்ப நல்ல தண்ணியாவது விடுங்க."

நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்துவரும் ஊரில், சூட்டை ஆற்ற அதை ஓடவிடுவதா? என் பிடிவாதம் ஊரறிந்தது. எங்கள் உப்பளத்தில் பாத்திக்குப் பாய்ச்சும் உப்புத்தண்ணீர் போரையே திருப்பிவிட்டேன். பானை நன்றாகவே ஆறியது. மட்டம் கொஞ்சம் ஏறியிருந்தது போலப் பட்டது. இன்னும் நாலு பாட்டில் தேறும் என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் சின்ன டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினேன். தங்கை அதே அளவு தண்ணீரை அவருடைய பாட்டிலிலிருந்து எடுத்துக் கொட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்து முடித்தார்.

"நல்லா இருக்குது மச்சான்."

பிறகுதான் நான் குடித்தேன். ஒரே உப்பு. காயிலை எடுத்துப் பார்த்தால், பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை; போர்த்தண்ணீர் பானைக்குள் கசிந்திருக்கிறது.

"துப்ப வேண்டியதுதானே மாப்ள!" என்று கத்தினேன்.

"துப்பினா மட்டும் கொட்டின தண்ணி திரும்ப வருமா? விடுங்க."

அன்று சாயங்காலம் முழுக்க உதட்டை நக்கிக்கொண்டே பந்தல்காரர்களிடம் வேலை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டில் காலி. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். தப்பு என்னுடையது, தாகம் அவருக்கு.

அடுத்த மாதமே அவருக்கு முடியாமல் போனது. வாயில் தண்ணீர் விடச் சொன்னார்கள். தங்கை டம்ளரை என்னிடம் கொடுத்தாள், அளக்காமல், நிறைய. விட்டேன். உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்துவிட்டது.