ஈரம் புகாத உறை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளை மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவோம். மக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை மண்பெட்டியில் புதைப்பாள், கொஞ்ச காலம் விட்டுத் தோண்டி எடுப்பாள், கழுவிக் காயவைத்து எடை போடுவாள். எடை குறைந்தால் மக்குகிறது என்று அர்த்தம். சொன்னால் சிரிப்பீர்கள், செய்த பொருள் உருப்படாமல் போனால்தான் எங்கள் இடத்தில் கைதட்டல்.

இரண்டு வகை பிளாஸ்டிக்கை உருக்கிக் கலப்போம். ஒன்று வீம்பு பிடித்தது, வளைத்தால் உடையும். மற்றது இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். இரண்டுக்கும் ஒத்தே போகாது. அந்தக் கலவையில், கண்ணுக்கே தெரியாத களிமண் தகடுகளைச் சிட்டிகை அளவு சேர்த்துப் பார்த்தார் ஆய்வை நடத்தும் மேடம். அதிலிருந்து இழுத்த ஷீட்டின் குணமே மாறிவிட்டது. இழுத்துப் பார்க்கும் எந்திரம் முக்கி முனகியும் லேசில் கிழியவில்லை, தண்ணீர் பொட்டுக்கூடக் கசியவில்லை. மண்ணக்காவுக்கு அதன் மேல் கொள்ளை ஆசை.

அந்த மழைக்காலத்தில் அவள் புருஷன் இறந்துபோனார். ஆஸ்துமாக்காரர். ஈரம் பட்டால் போதும், மூச்சுக்கு அல்லாடுவார். வெட்டிய குழியில் தண்ணீர் ஊறி நின்றதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. சோதனை போக மிஞ்சிய ரோலை வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் வழக்கம். அந்தப் புது ஷீட்டைக் கொண்டுவந்து அவரைத் தலையோடு காலாகச் சுற்றி, ஓரங்களைச் சூடு வைத்து ஒட்டினாள். மக்கும் சாமான்தானே என்று யாரும் தடுக்கவில்லை.

கோடையில் மண்பெட்டிகளைத் திறந்தோம். வெறும் கலவை பொடிப்பொடியாகக் கிடந்தது. தகடு சேர்த்தது போட்டது போட்டபடி வந்தது. மண்ணக்கா முகத்தில் ஈயாடவில்லை.

“இது மட்டும் ஏன் மேடம் மக்கல?”

“அந்தத் தகடுங்கதான்க்கா. குறுக்க குறுக்க படுத்து வழிய மறிக்குது. தண்ணி சுத்தி சுத்திதான் உள்ள போகணும். மக்கும், ஆனா ரொம்ப நாளாகும்.”

“காத்து?”

“அதுவும் லேசுல போகாது.” மேடம் சந்தோஷமாகத்தான் சொன்னார். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அதுதானே வேண்டும்.

அன்றிலிருந்து அவள் ஆளே சரியில்லை. வீட்டுக்குள் ஷீட் சரசரக்கிறது என்றாள். படுத்தால் தனக்கே மூச்சு அடைக்கிறது, குழியைத் திறந்தே ஆகவேண்டும் என்றாள். கொழுந்தன் எரிந்து விழுந்தான்: “செத்துப்போன அண்ணனுக்கு எதுக்கு அண்ணி காத்து?” எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. உள்ளூர எனக்கும் பயம்தான்.

கடைசியில் அவனே அலைந்து திரிந்து அனுமதி வாங்கினான். நானும் கூடப் போனேன். குழி வெட்டுபவர் மார்புப் பக்கம் மட்டும் மண்ணை விலக்கினார். ஷீட் முழுசாக இருந்தது. அதன் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். உடம்பின் ஈரம், வெளியேற வழியில்லாமல் நின்றது. எங்களுக்குத் தெரியாததா? அவளுக்கும் தெரியும். கூடத்தில் சோதனைத் துண்டு வெட்டும் பிளேடால் ஷீட்டை நீளமாகக் கீறினாள். குழி வெட்டுபவர் மண்ணைத் திரும்ப மூடினார்.

வரும் வழியில் கொழுந்தன் தணிந்த குரலில், “இனிமேலாவது நிம்மதியா தூங்குங்க அண்ணி. அதான் திறந்து விட்டாச்சே” என்றான்.

“உள்பக்கம் பூரா தண்ணி பூத்து நின்னத பாத்தியா தம்பி?” என்று கேட்டாள். “இத்தனை நாளும் மூச்சு விட்டுப் பாத்திருக்காரு.”