முப்பத்தெட்டா, ஒன்பதா?

மேற்கு வர்ஜீனியாவில் சிறைக்காவலராக இருந்து ஓய்வுபெற்ற வெர்னா ஸ்டக்கி, இருபத்தாறு வருடம் வைத்திருந்தது முப்பத்தெட்டு ரகத் தோட்டா போடும் ரிவால்வர்.

"அந்த ரகம் செத்துப்போச்சும்மா. இப்ப எல்லாரும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல்தான்" என்றான் துப்பாக்கிக் கடைக்காரன் டாயில்.

அவனை நம்பிப் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டாள். ஆனால் வாதம் பிடித்த விரல்களால் புதியதில் தோட்டா ஏற்ற அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை. பழையதைத் திருப்பிக் கேட்கப் போனாள்.

"அது அன்னிக்கே வித்துப்போச்சு. ரெண்டு பேரு போட்டி போட்டாங்க."

"செத்துப்போனதுக்கா போட்டி?"

டாயில் தலையைச் சொறிந்தான். "எனக்கும் புரியலம்மா. பத்திரிகையில போட்டிருந்தான், நானும் சொன்னேன்."

"சரி, நீ எதை வச்சிருக்க?"

அவன் தயங்கிச் சட்டையை விலக்கினான். இடுப்பில் முப்பத்தெட்டு.

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள் வெர்னா.